சிங்கமும் சட்டப் புத்தகமும்

பத்து வருஷங்களுக்கு முன்பு சேலத்தில் ஒரு விழாக் குழுவினர் மலர் ஒன்று வெளியிட்டார்கள். சேலம் விஜயராகவாச்சாரியாரின் வாழ்க்கை வரலாற்றைச் சுருக்கமாக எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். நாவல் எழுதுகிறவன் எதையும் எழுதிவிடுவான் என்ற நம்பிக்கை நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. அந்தச் சமயத்தில் எனக்கும் அது இருந்தது. ஒப்புக்கொண்டேன்.

எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். குழுவில் மூத்தவர் ஓய்வு பெற்ற ஆசிரியர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கையில் பென்சிலுடன், ஒரு எழுத்து விடாமல் படித்தார். படித்து முடித்துக் காகிதங்களை மடிமேல் வைத்துக்கொண்டு சொன்னார்:

“தம்பி, நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா இந்த ரெண்டு பாரா வேண்டாமுங்க. ஊர்ல எல்லாரும் ஒத்துமையா இருக்கிறோம். நூறு வருஷத்துக்கு மேலே ஆறிப்போன புண்ணை எதுக்குக் கீறோணும்?”

இரண்டு பாராக்களில் ஒன்று 1882-ஆம் வருஷத்துக் கலவரத்தைப் பற்றியது. மற்றது 1931-ஆம் வருஷத்தில் நடந்த ஒரு மகாநாட்டைப் பற்றியது. அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. மதச் சண்டை என்ற சொல்லைக் கேட்டாலே வயிறு கலங்குகிற நல்ல மனிதர் அவர். நானும் தலையை ஆட்டினேன். பாராக்கள் போயின. மலர் வழவழப்பான காகிதத்தில் அழகாக வந்தது.

இந்தக் கட்டுரை அந்தத் தலையாட்டலுக்கு நான் செய்துகொள்கிற பிராயச்சித்தம். என் ஒருவனுடைய குற்றமாக மட்டும் இருந்தால் வாசகர்களைத் தொந்தரவு செய்திருக்க மாட்டேன். நம் மொழியில் அரசியல்வாதிகளின் சரித்திரங்கள் பெரும்பாலும் இப்படித்தான் எழுதப்படுகின்றன.

அந்த நூல்களின் அமைப்பு வாசகர்களுக்கு நன்றாகத் தெரியும். முதல் அத்தியாயத்தில் ஏழைக் குடும்பம். இரண்டாவதில் தெருவிளக்குப் படிப்பு. மூன்றாவதில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவரோடு மோதல். பிறகு வகித்த பதவிகள் வருஷ வாரியாக. கடைசியில் மரணமும் அனுதாபத் தந்திகளும். பெயரையும் ஊரையும் மட்டும் மாற்றினால் ஒருவர் சரித்திரம் இன்னொருவருக்குப் பொருந்திவிடும். தையற்காரன் அளவெடுக்காமல் தைத்த சட்டை எல்லோருக்கும் சுமாராகப் பொருந்துகிற மாதிரி.

தமிழுக்கு இது வராது என்று சொல்ல முடியாது. சாமிநாதையர் தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் சரித்திரத்தை இரண்டு பாகங்களாக எழுதினார். குருவைத் தெய்வமாக நினைத்தவர், குருவின் பணக் கஷ்டத்தையும் மறைக்கவில்லை. அதனால் பிள்ளையவர்களின் பெருமை ஒரு குன்றிமணி அளவாவது குறைந்ததா? எங்கள் பக்கத்து நாமக்கல் கவிஞரையே எடுத்துக்கொள்ளலாம். மோகனூரில் போலீஸ்காரர் மகனாகப் பிறந்தவர், சித்திரக்காரர், சக்கரவர்த்தியின் படத்தை எழுதி, டில்லி தர்பாரில் தங்கப் பதக்கம் வாங்கியவர். அதே கைதான் 1930-இல் உப்பு சத்தியாக்கிரகிகளுக்கு நடைப்பாட்டு எழுதியது. ‘என் கதை’யில் இரண்டையும் சொல்கிறார். தர்பார்ப் பதக்கத்தை மறைத்திருந்தால் பிற்காலத் தேசபக்தி இன்னும் பளபளக்கும் என்று அவர் நினைக்கவில்லை. ஒரு மனிதன் எங்கிருந்து புறப்பட்டான் என்று தெரியாவிட்டால் அவன் எவ்வளவு தூரம் நடந்தான் என்பது எப்படித் தெரியும்?

இனி விஜயராகவாச்சாரியாரைப் பார்ப்போம்.

அவர் சேலத்தில் பிறந்தவர் அல்லர். செங்கல்பட்டு ஜில்லாவில் பொன்விளைந்த களத்தூர் என்ற கிராமத்தில், 1852-இல், வைஷ்ணவப் புரோகிதக் குடும்பத்தில் பிறந்தார். முதலில் வேத பாடசாலை. இங்கிலீஷ் எழுத்தைக் கற்கத் தொடங்கியபோது அவருக்கு வயது பன்னிரண்டு. அதற்குப் பிறகு சென்னைக்குப் போய்ப் படித்து, 1875-இல் பிரஸிடென்ஸி கல்லூரியில் பட்டம் பெற்றார். மங்களூரில் ஆசிரியர் வேலை. அங்கிருந்து சேலத்துக் கல்லூரிக்கு மாற்றல். மேலதிகாரிகளோடு ஒத்துப்போகவில்லை, வேலையை விட்டார். சட்டக் கல்லூரி வாசலை மிதிக்காமல், வீட்டிலேயே படித்து, பரீட்சை தேறி, 1881-இல் வக்கீலானார். அடுத்த வருஷமே முனிசிபல் கவுன்சிலில் அங்கத்தினரானார்.

இந்த வேத பாடசாலை விஷயத்தை நம் சரித்திரக்காரர்கள் ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். நாவலாசிரியன் அங்கே நின்றுவிடுவான். ஓர் எழுத்து மாறக் கூடாது, ஒரு ஸ்வரம் தவறக் கூடாது என்ற கட்டுப்பாட்டில் பன்னிரண்டு வயது வரை வளர்ந்த பையன் அவர். பிற்காலத்தில் அவர் சட்டத்தின் எழுத்தைப் பிடித்துக்கொண்ட பிடி அந்தத் திண்ணையில் பழகியதாக இருக்கலாம் என்பது என் ஊகம். ஊகம் என்று சொல்லிக்கொண்டு எழுதினால் அதில் தவறில்லை.

1882. ரிப்பன் பிரபு ஸ்தல ஸ்தாபன சுயாட்சியைப் பற்றிய தம் தீர்மானத்தை வெளியிட்ட வருஷம் அது. இந்தியர்கள் தங்கள் ஊரைத் தாங்களே நிர்வகித்துப் பழகட்டும் என்று மேலிடம் சொன்ன அதே வருஷத்தில் சேலத்தில் கலவரம் மூண்டது. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மசூதி. அதன் வழியாகப் போகும் ஊர்வலங்கள். வாத்தியம் வாசிக்கலாமா கூடாதா என்ற தகராறு. சேலத்து ஆடி மாதத்தை அறிந்தவர்களுக்கு மற்றதை விவரிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பேட்டையிலும் மாரியம்மன். ஒவ்வொரு தெருவிலும் மேளம். வண்டி வேடிக்கை பார்க்க சுற்று வட்டாரமெல்லாம் வந்து சேரும். அந்த ஜனங்களுக்கு நடுவே ஒரு பொறி விழுந்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று. மசூதி இடிக்கப்பட்டது. உயிர்கள் போயின.

முப்பது வயது வக்கீல் விஜயராகவாச்சாரியார்தான் தூண்டிவிட்டவர் என்று சர்க்கார் வழக்குத் தொடுத்தது. பத்து வருஷ சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அவர் மேலே போய் வாதாடினார். குற்றம் நிரூபணமாகவில்லை என்று விடுதலையானார். இதோடு நின்றிருந்தால் அவர் அதிர்ஷ்டசாலியான கைதி, அவ்வளவுதான். அவர் நிற்கவில்லை. தமக்கு எதிராகப் பொய்ச் சாட்சி சொன்னவர்கள் மேல் நடவடிக்கை எடுத்தார். அந்தமானுக்கு அனுப்பப்பட்டவர்களில் சிலரை மீட்க உழைத்தார். முனிசிபல் கவுன்சிலிலிருந்து தம்மை நீக்கியது செல்லாது என்று இந்தியா மந்திரியையே பிரதிவாதியாக்கி வழக்காடினார். ஸ்தானம் திரும்பக் கிடைத்தது. அதற்கு மேல் நஷ்ட ஈடாக நூறு ரூபாயும் கிடைத்தது.

இந்த நூறு ரூபாய்தான் என் மனசில் மிகவும் பதிந்த விஷயம். ஒரு சாம்ராஜ்யம் சேலத்து வக்கீல் ஒருவருக்கு நூறு ரூபாய் எண்ணிக் கொடுத்தது. பணத்தின் மதிப்பு அல்ல இங்கே பேச்சு. ஆட்சி செய்கிறவனும் தான் எழுதிய சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன் என்று ரசீது எழுதி வாங்கியாயிற்று. அன்றையிலிருந்து அவர் ‘தென்னாட்டுச் சிங்கம்’. ‘ஹிந்து’ பத்திரிகை தொடங்கி நான்கே வருஷம் ஆகியிருந்தது. சேலம் வழக்கில் தண்டனை பெற்றவர்களுக்காக அது ஓயாமல் எழுதியது. சென்னையின் பொது வாழ்வை உலுக்கிய விஷயங்களில் இந்த வழக்கும் ஒன்று. 1885-இல் காங்கிரஸ் முதன்முதலாகக் கூடியபோது அவருக்கும் அழைப்பு இருந்தது. ஹியூம் அவருக்கு நண்பர். 1895 முதல் ஆறு வருஷம் சென்னைச் சட்டசபை. பிற்பாடு 1913 முதல் 1916 வரை டில்லிச் சட்டசபை.

மலர்களும் பாடப் புத்தகங்களும் சொல்கிற சரித்திரம் இவ்வளவே. பொய் ஒன்றும் இல்லை. ஆனால் கதாநாயகன் விடுதலையானதும் திரை விழுந்துவிடுகிறது. நாவல் படித்துப் பழகிய யாருக்கும் அடுத்தபடியாக எழுகிற கேள்வி: இடிந்த மசூதி என்ன ஆயிற்று? செத்தவர்களின் வீட்டில் என்ன நடந்தது? அந்தமானுக்குப் போனவன் பெண்டாட்டி எந்தத் தறியில் கூலிக்கு உட்கார்ந்தாள்? அதே தெருவில் மறு வருஷம் ஆடி எப்படி வந்தது? ஒருவர் நிரபராதி என்று கோர்ட்டு சொல்லிவிட்டதால் கலவரமே நடக்கவில்லை என்று ஆகிவிடாது. சேலத்துக்கு ஒரு சிங்கம் கிடைத்த கதை அதே சமயத்தில் சேலத்துக்கு ஒரு காயம் பட்ட கதையும்கூட. முதல் பாராவில் நான் எழுதியிருந்தது இதைத்தான்.

அடுத்து நாகபுரி. 1920-ஆம் வருஷம் டிசம்பர் மாதம். பதினாலாயிரத்துக்கு மேற்பட்ட பிரதிநிதிகள் கூடிய காங்கிரஸ். தலைமை நாற்காலியில் அறுபத்தெட்டு வயது விஜயராகவாச்சாரியார். நம் சரித்திரங்கள் ‘காங்கிரஸ் தலைவர் பதவியை அலங்கரித்தார்’ என்று எழுதி முற்றுப்புள்ளி வைக்கின்றன. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரின் முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை.

அந்த மகாசபையில் நிறைவேறியது ஒத்துழையாமைத் தீர்மானம். பட்டங்களைத் துறக்க வேண்டும். சர்க்கார் பள்ளிக்கூடங்களை விட வேண்டும். வக்கீல்கள் தொழிலை நிறுத்த வேண்டும். கோர்ட்டுக்குப் போகாதே என்று நாடு தீர்மானம் செய்த சபைக்குத் தலைவர் யார்? கோர்ட்டுக்குப் போய்த்தான் தம் மானத்தையும் ஸ்தானத்தையும் நூறு ரூபாயையும் மீட்டவர்! அவர் அந்தத் திட்டத்தை அப்படியே ஒப்புக்கொள்ளவில்லை. காந்தியோடு வெளிப்படையாக வாதாடினார். அந்த சபையில்தான் ஜின்னாவும் எதிர்த்துப் பேசிக் கூச்சலுக்கு ஆளாகிக் காங்கிரஸை விட்டு வெளியேறினார். காலம் ஒரு பக்கம் திரும்பிவிட்டது. தலைமை தாங்கியவர் கண் முன்னாலேயே அவருடைய நாற்பது வருஷ நம்பிக்கைக்கு எதிராகப் பதினாலாயிரம் பேர் கை தூக்கினார்கள். இதைவிடப் பெரிய காட்சி எந்த நாவலாசிரியனுக்குக் கிடைக்கும்?

இதற்கு முந்தின வருஷம் நடந்த ஒரு சிறு சம்பவத்தைக் காந்தி ‘சத்திய சோதனை’யில் சொல்லியிருக்கிறார். 1919-இல் சென்னையில் சத்தியாக்கிரகம் பற்றிய ஆலோசனைகள். சத்தியாக்கிரக சாஸ்திரத்துக்கு, மிகச் சிறிய விவரங்கள் உட்பட, முழுமையான கைப்புத்தகம் ஒன்று தயாரிக்க வேண்டும் என்று யோசனை சொன்னார் விஜயராகவாச்சாரியார். அது தம் சக்திக்கு அப்பாற்பட்டது என்று காந்தி ஒப்புக்கொண்டார். படிக்கிறபோது சிரிப்பு வருகிறது. யோசித்தால் சிரிப்பு நின்றுவிடுகிறது. அரசாங்கத்தை எதிர்ப்பதானாலும் அதற்கும் ஒரு விதி வேண்டும், அது எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறவர் ஒருவர். விதி உள்ளேயிருந்து வரட்டும் என்கிறவர் மற்றவர். இந்தியாவின் இரண்டு காலங்கள் சென்னையில் ஓர் அறையில் உட்கார்ந்து பேசியிருக்கின்றன.

சேலத்திலேயே இந்த இரண்டு காலத்துக்கும் நல்ல சாட்சி இருந்தது. 1900-இல் சேலத்தில் வக்கீல் தொழில் தொடங்கிய ராஜாஜி, இந்தப் பெரியவரைப் பார்த்து வளர்ந்த தலைமுறை. 1917 முதல் இரண்டு வருஷம் அதே முனிசிபாலிட்டிக்குச் சேர்மன். பிறகு தொழிலை உதறினார், சிறைக்குப் போனார், 1925-இல் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் ஆசிரமம் அமைத்துக் கதர் நூற்றார். இளையவர் வண்டி மாறி ஏறிவிட்டார். மூத்தவர் ஸ்டேஷனிலேயே நின்றார். யார் செய்தது சரி என்று தீர்ப்புச் சொல்வது என் வேலையில்லை. தம் நம்பிக்கை செல்லாக் காசாகிவிட்ட பிறகும் இருபத்து நாலு வருஷம் உயிரோடிருந்த மனிதரின் சரித்திரத்தில் அந்த இருபத்து நாலு வருஷத்துக்கு அரைப் பக்கம்தானா கிடைக்க வேண்டும்?

அந்த அரைப் பக்கத்தில் காணாமல் போகிற விஷயங்கள் பல. பெண்களுக்குப் பருவம் வந்த பிறகே விவாகம் செய்ய வேண்டும், மகளுக்கும் சொத்தில் பங்கு வேண்டும் என்று பேசிய வைதிகக் குடும்பத்துப் பிள்ளை அவர். இந்தியாவின் பிரச்னையைச் சர்வதேச சங்கத்திடம் கொண்டுபோக வேண்டும் என்று சொல்லிவந்தார். அதிலும் பாருங்கள், கடைசி வரை அவருக்கு ஒரு கோர்ட்டு தேவைப்பட்டது. உள்ளூர்க் கோர்ட்டு போதாவிட்டால் உலகக் கோர்ட்டு.

1931-இல் அகோலாவில் கூடிய ஹிந்து மகாசபைக்கும் அவர் தலைமை வகித்தார். இதுதான் நான் விட்டுக்கொடுத்த இரண்டாவது பாரா.

மலர் வெளிவந்து இரண்டு மூன்று வருஷம் கழித்து நாமக்கல்லிலிருந்து ஒரு கல்லூரி மாணவன் என்னைப் பார்க்க வந்தான். மலரைக் கையில் வைத்திருந்தான். மரியாதையாகத்தான் பேசினான்.

“சார், இவரு பின்னாடி மகாசபைத் தலைவரா இருந்தாருன்னு வேற எடத்துல படிச்சேனுங்க. நீங்க எழுதலை. அப்போ அந்தக் கலவரத்தையும் இவருதான் செஞ்சிருப்பாருங்களா? அதனாலதான் ரெண்டையும் விட்டுட்டீங்களா?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மறைத்தது மனிதரின் கௌரவத்துக்காக; மறைத்ததே அவருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது! முப்பது வயதில் விடுதலை வாங்கிய ஒருவரை, நூறு வருஷத்துக்கு மேல் கழித்து, என்னுடைய மௌனம் மறுபடியும் கூண்டில் ஏற்றிவிட்டது.

நான் அந்தப் பையனுக்குச் சொன்னது இதுதான்: 1931-இல் ஒருவர் எந்த சபைக்குத் தலைமை தாங்கினார் என்பது 1882-இல் அவர் என்ன செய்தார் என்பதற்குச் சாட்சியமாகாது. ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வாசகனுக்கு உரிமை உண்டு. கலவரக் குற்றச்சாட்டின் தழும்பு அந்த மனசில் ஐம்பது வருஷம் எப்படி இருந்தது, காங்கிரஸில் இடம் சுருங்கிய பெரியவர் ஏன் அந்த மேடைக்குப் போனார் என்பவை கேட்க வேண்டிய கேள்விகள். எனக்கு அந்த மேடை பிடிக்கவில்லை. பிடிக்காத அத்தியாயத்தைக் கிழித்துவிட்டு மற்ற அத்தியாயங்களைப் புகழ்ந்தால், புகழ்ச்சியையும் யாரும் நம்பமாட்டார்கள்.

அமெரிக்காவில் லிங்கனுக்கு இதே கதி நேர்ந்தது. அவரும் வக்கீல்தான். 1865-இல் சுடப்பட்டு இறந்ததும் நாடு முழுவதும் அவரைத் தேவதூதராக்கிப் புத்தகங்கள் குவிந்தன. அவரோடு ஒரே ஆபீசில் தொழில் நடத்திய ஹெர்ண்டன் என்பவருக்கு அது பொறுக்கவில்லை. லிங்கனை நேரில் அறிந்தவர்களைத் தேடிப் போயும், கடிதம் எழுதியும், அவர்கள் சொன்னதையெல்லாம் சேகரித்தார். லிங்கனின் மனச்சோர்வு, மத விஷயத்தில் அவருக்கிருந்த சந்தேகங்கள், தாய் வழி வம்சம் எல்லாம் வெளியே வந்தன. 1889-இல் புத்தகமும் வந்தது. துரோகி என்றார்கள், நண்பனை விற்றுவிட்டான் என்றார்கள். ஹெர்ண்டன் சொன்னதெல்லாம் சரியல்ல என்று பிற்காலத்து ஆராய்ச்சியாளர்கள் தள்ளியதும் உண்டு. ஆனாலும் அவர் சேர்த்து வைத்த அந்தக் காகிதங்களைப் புரட்டாமல் லிங்கனைப் பற்றி யாரும் எழுதத் துணிவதில்லை. நமக்கு லிங்கன் வெறும் படமாக இல்லாமல் சோர்ந்த கண்களுடைய மனிதராகத் தெரிகிறார் என்றால், அதற்கு அந்தத் ‘துரோகி’யும் ஒரு காரணம்.

நம் சேலத்துப் பெரியவருக்கு ஒரு ஹெர்ண்டன் கிடைக்கவில்லை. அவர் 1944-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம், சுதந்திரத்துக்கு மூன்று வருஷம் முன்னால், தொண்ணூற்றிரண்டாம் வயதில் காலமானார். அவர் பெயரால் சேலத்தில் நினைவு நூலகமும் சொற்பொழிவு மண்டபமும் ஏற்பட்டன. புத்தகங்களை நேசித்தவருக்கு நல்ல ஞாபகச் சின்னம். அந்த அலமாரிகளில் வைக்கத் தகுந்த சரித்திரம் ஒன்று தமிழில் அவருக்கு எழுதப்பட வேண்டும். எழுதப் போகிறவருக்கு என் வேண்டுகோள் ஒன்றே. சிங்கம் என்ற பட்டத்தைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வையுங்கள். சிங்கத்துக்கு மனசு மாறாது, தோல்வி தெரியாது, வயதாவதும் தெரியாது. சட்டப் புத்தகத்தை நம்பி ஜெயித்து, அதே புத்தகத்தை உலகம் மூடி வைத்தபோதும் கையை எடுக்காத ஒரு கிழவரை எழுதுங்கள். அவர் பக்கத்தில் செவ்வாய்ப்பேட்டைத் தெருவையும் எழுதுங்கள்; அங்கே இரண்டு பக்கத்திலும் அழுதவர்களை எழுதுங்கள்.

அந்த ஓய்வு பெற்ற ஆசிரியரின் வார்த்தையை நான் இன்னும் அலட்சியம் செய்யவில்லை. புண்ணைக் கீறக் கூடாது என்பது சரிதான். ஆனால் அது எங்கே பட்டது, எப்படி ஆறியது என்று தெரியாத ஊர், அதே இடத்தில் மறுபடியும் அடிபட்டுக்கொள்ளும். ஒற்றுமையாக இருக்கிறோம் என்று அவர் சொன்னாரே, அந்த ஒற்றுமைக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1882-ஐ விட்டுவிட்டால் அதையும் சொல்ல முடியாது.

விஜயராகவாச்சாரியாரே உயிரோடிருந்து என் மலர்க் கட்டுரையைப் படித்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று சில சமயம் நினைத்துப் பார்க்கிறேன். சத்தியாக்கிரகத்துக்கே விவரம் விடாமல் புத்தகம் கேட்டவர் அவர். பக்கம் கிழிந்த பத்திரத்தை எந்தக் கோர்ட்டும் ஏற்றுக்கொள்ளாது என்று சொல்லி, காகிதத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்திருப்பார்.